கறுப்புப் பொட்டு இல்லாத படம்

1

என் பேத்தி பிறந்த பதினோராம் நாள் மகள் அபிராமி தொலைபேசியில் கூப்பிட்டாள். சனிக்கிழமை காலையில் படம் பிடிக்கிற பெண் ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள், நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் நிற்க வேண்டும் என்றாள்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போன ஆட்கள். ஒஸ்லோவில் ஸ்ரூடியோ பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வருகிறது. கால் வைத்த விளக்குகள், அவற்றுக்கு முன்னால் பிடிக்க வெள்ளைத் துணிப் பெட்டிகள், பின்னால் தொங்கவிடத் திரை, பிள்ளையைக் கிடத்தக் கூடை, எல்லாவற்றையும் ஒரு வான் வண்டியில் ஏற்றி வந்து உங்கள் வரவேற்பறையை ஸ்ரூடியோ ஆக்கிவிடுவார்கள். பிறந்து இரண்டு கிழமைக்குள் எடுத்துவிட வேண்டுமாம். பிந்தினால் பிள்ளை விழித்து உலகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுமாம், பிறகு சொன்னபடி கிடக்காதாம். அதாவது பிள்ளை ஆழ்ந்த நித்திரையில் இருக்க வேண்டும். அதுதான் இங்கத்தைய நாகரிகம்.

என் மனைவி மலர் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள். முப்பத்தொன்றாம் நாள் வந்து பிறப்புத் தீட்டு, துடக்கு, கழியாத பிள்ளையைப் பிறத்தியார் கண்ணில் காட்டுவதே அவளுக்குப் பிடிக்காது, இதில் விளக்குப் பிடித்துப் படம் வேறா என்றாள். நான் வழக்கம்போல இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினேன். முப்பது வருடமாக இந்த வீட்டில் என் வேலை அதுதான்.

ஆனால் மலருக்குக் கேட்காத ஒன்றையும் அபிராமி எனக்குச் சொல்லியிருந்தாள்.

"அப்பா, வரேக்கை அக்காவின்ரை படத்தைக் கழட்டிக்கொண்டு வாங்கோ. அதே மாதிரித்தான் பிள்ளையை எடுக்கச் சொல்லியிருக்கிறன். அதே பக்கம் தலை, அதே மாதிரிக் கை. பிறகு ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை மாட்டுவம். அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ, பாத்துச் சந்தோசப்படட்டும்."

நான் ஓம் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகும் கதிரையை விட்டு எழும்பவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் என் மகளுக்கு நான் ஒரு விடயம் சொல்லியாக வேண்டும். அவளின் நாலு வயதில் சொல்லியிருக்க வேண்டியது. அதற்குப் பதிலாக அன்றைக்கு ஒரு பொய் சொன்னேன், அந்தப் பொய்க்குத்தான் இப்போது விளக்கும் திரையும் வானில் ஏறி வரப்போகின்றன.

2

அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் யன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது. தபாலட்டை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். என் மூத்த மகள் ஆரணி. வயது இரண்டு என்று சொல்வோம், சரியாகச் சொன்னால் இரண்டுக்கு ஒன்பது நாள் குறைவு.

தலை இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. வலது கை கன்னத்துக்குக் கீழே. சட்டை அவளுக்குப் பெரிது, கழுத்தடியில் தொளதொளக்கிறது. படத்தில் அது சாம்பல் நிறம், ஆனால் அது மஞ்சள் சட்டை. எனக்குத் தெரியும், வாங்கி அனுப்பியவன் நான். இந்த நாட்டுப் பிள்ளைகளின் அளவைப் பார்த்து வாங்கிவிட்டேன். முகத்தில் ஒரு பக்கம் நல்ல வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல், அந்த நிழலுக்குள்ளும் கன்னத்தின் உருட்சி தெரிகிறது. பின்னால் ஒரு மடிப்பும் இல்லாத வெள்ளை. சண்டிலிப்பாயில், எங்கள் வீட்டு அறைக்குள், மின்சாரம் இல்லாத காலத்தில் எடுத்த படம் என்று சொன்னால் இங்கே நம்ப மாட்டார்கள்.

நெற்றியில் திருநீறு இருக்கிறது. கன்னத்தில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வருகிற நோர்வேக்காரர் அதன் முன்னால் நின்று, எவ்வளவு நிம்மதியாக உறங்குகிறாள் என்பார்கள். வருகிற எங்கள் ஆட்கள் ஒரு கணம் பார்த்துவிட்டு, வேறு கதை கதைக்கத் தொடங்குவார்கள். உறங்குகிற பிள்ளையை அழகு பார்ப்பதே ஆகாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பெற்ற தாயின் கண்ணே பட்டுவிடும் என்போம். அப்படியிருக்க, உறங்குகிற பிள்ளையை எங்கள் ஊரில் யார் படம் எடுப்பார்கள்?

ஆரணி அந்தப் படத்தில் உறங்கவில்லை. அவள் இறந்து அப்போது நாலு மணித்தியாலம் ஆகியிருந்தது.

3

நான் ஊரை விட்டுப் புறப்பட்டபோது மலருக்கு ஐந்து மாதம். எண்பத்தொன்பதின் கடைசி. பிள்ளை பிறக்கும்போது நான் வடநோர்வேயில் ஒரு மீன் ஆலையில் நின்றேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையில் ஒரு முட்டை உடைந்தாலே சட்டிபானை மாற்றுவார்கள். நான் நாளுக்கு எட்டு மணித்தியாலம் கொட் மீனின் வயிற்றைக் கீறிக் குடலை இழுத்தேன். அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் அதைத் தொழிற்சாலை வேலை என்று மட்டும் எழுதினேன்.

ஒரு மரவீட்டில் ஐந்து பேர் இருந்தோம். எங்களில் மீனோடு பழக்கமான ஒரே ஆள் குருநகர் மரியநாயகம், மரியண்ணை. கத்தோலிக்கர், கடலில் தொழில் செய்தவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். நான் கத்தி பிடிக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, தோட்டக்காரத் தம்பி மீனையும் புகையிலை மாதிரி வெட்டுறார் என்று பகிடி பண்ணுவார்.

பிள்ளையின் படம் ஒன்று அனுப்பு என்று நான் எழுதாத கடிதம் இல்லை. முதல் வருடம் முடியுமுன் பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று வீட்டில் மறித்தார்கள். வருடம் முடிந்தபோது சண்டை முற்றி, மின்சாரம் நின்று, படச்சுருள் வருவதும் நின்றுபோயிருந்தது. ஊரில் படம் பிடிக்கிற ரத்தினண்ணையிடம் ஒரே ஒரு சுருள் இருந்ததாம். அதில் ஒரு படத்தை ஆரணியின் இரண்டாவது பிறந்தநாளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று மலர் எழுதியிருந்தாள். அந்தச் செய்தி வந்த கிழமைதான் நான் மஞ்சள் சட்டையை வாங்கி, கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

படம் வந்தது தொண்ணூற்றிரண்டில். கைக்குக் கை மாறி வவுனியா தாண்டி, கொழும்பில் முத்திரை ஒட்டி, மூன்று மாதம் பிந்தி வந்தது. ஆலையின் உடுப்பு மாற்றும் அறையில் நின்றபடியே கடிதத்தை உடைத்தேன். முதலில் சட்டையைத்தான் கண்டேன். பிறகுதான் முகம். என் அம்மாவின் நாடி, மலரின் மூக்கு. கடிதத்தில் மலர் நாலு வரிதான் எழுதியிருந்தாள். வெளிச்சம் சரிபார்த்து முடியும்வரை காத்திருந்து பிள்ளை அப்படியே நித்திரையாகிவிட்டாள், எழுப்ப மனம் வரவில்லை என்று.

நான் அந்தப் படத்தைக் காட்டாத ஆள் இல்லை. கையில் மீன் செதில் ஒட்டியிருக்க, விளிம்பில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் காட்டினேன். பாருங்கோ, படம் எடுக்கக் கூட்டிவந்தால் படுத்து நித்திரை கொள்ளுறா, தகப்பனைப் போலச் சோம்பேறி என்று சிரித்தேன். வீட்டில் இருந்த மூன்று பேரும் வடிவாய் இருக்கிறா என்றார்கள். மரியண்ணை எல்லோரையும் விட அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு என் கையில் தந்துவிட்டு, மேலங்கியும் போடாமல் வெளியே போனார். பாவம், தன் பிள்ளைகளின் நினைவு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நாலு பேருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் ஏழு மாதம் தெரியவில்லை.

4

அடுத்த மாதமே குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மனைவி, ஒன்று. பிள்ளை, ஒன்று. மலரின் படம் அவளின் அடையாள அட்டைக்கு எடுத்தது, அது சரிவந்தது. ஆரணியின் படத்தை நான் கொடுக்க விரும்பவில்லை, வேறு படம் இல்லாததால் கொடுத்தேன். யன்னலுக்கு அப்பால் இருந்த பெண் நல்லவள். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு மாதிரிப் படத்தைக் காட்டி மெதுவாக விளக்கினாள். தலை நேராக இருக்க வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்குக் காத்திருந்து நித்திரையாகிவிட்டாள் என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவு மொழி என்னிடம் இருக்கவில்லை. என் மகள் எப்போதும் நித்திரை என்று சொல்லி வைத்தேன். அந்தப் பெண் சிரித்தாள். தன் மகன் ஒரு நாளும் உறங்குவதில்லை, நீ கொடுத்துவைத்தவன் என்றாள். நானும் சிரித்தபடி படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மலருக்கு எழுதினேன். கண் திறந்திருக்கிற படமாக ஒன்று எடுத்து அனுப்பு, இல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது என்று. பதில் வரவில்லை. அந்த நாட்களில் பதில் வராதது புதுமை இல்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு மறுபடி எழுதினேன், கொஞ்சம் கோபமாக. படச்சுருள் இல்லையென்றால் ரத்தினண்ணையிடம் கெஞ்சிக் கேள் என்று. அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தில் புத்தி சொன்னேன். பிள்ளையை மத்தியானம் நன்றாக நித்திரை கொள்ள விடு, எழும்பி முகம் கழுவின பிறகு எடுக்கச் சொல் என்று விளக்கமாக எழுதினேன்.

அதை ஆலைக்குக் கொண்டுபோய், தேநீர் இடைவேளையில் உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். மரியண்ணை வந்து முன்னால் இருந்தார். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, இந்தக் கடிதத்தைப் போடாதை. பிள்ளையைக் கண் திறக்கச் சொல்லி அந்தப் பொம்பிளையை இனிக் கேக்காதை."

எனக்கு விளங்கவில்லை என்று நடித்தேன். என்ன கதைக்கிறியள் என்று சத்தம் போட்டேன். வேதக்காரருக்கு எங்கள் வீட்டு வழக்கம் என்ன தெரியும் என்றுகூடச் சொன்னேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் கோபிக்கவில்லை.

"உங்கடை ஆக்கள் கறுப்புப் பொட்டு வைக்காமல் ஒரு பச்சைப்பிள்ளையைப் படம் எடுக்க விடுவினமே? நீயே எடுத்துப் பார்."

படம் எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். எடுத்துப் பார்த்தேன். இடது கன்னம், வலது கன்னம், நாடி, நெற்றியோரம். எங்கேயும் பொட்டு இல்லை. கண்ணூறு பட்டுவிடும் என்று, அடுத்த வீட்டுக்குப் போவதற்கே உள்ளங்கால் வரை பொட்டு வைத்து அனுப்புகிற மலர், கமராவுக்கு முன்னால் பொட்டில்லாமல் பிள்ளையைக் கிடத்தியிருக்கிறாள். ஏழு மாதமாக ஆயிரம் முறை பார்த்த படம். பார்க்கத் தெரியாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிய வேண்டாமாக இருந்தது.

மணி அடித்தது. எல்லோரும் வேலைக்கு எழும்பிப் போனார்கள். மரியண்ணை மட்டும் போகவில்லை. அன்றைக்கு எங்கள் இருவரின் இடத்திலும் மீன் குவிந்துகொண்டே போனது.

விண்ணப்பத்தைத் திருத்த அலுவலகத்துக்குப் போனேன். பிள்ளை, ஒன்று என்பதை அதே பெண் வெட்டினாள். எனக்காக உண்மையாகவே வருந்தினாள், கண் கலங்கினாள். பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, இனி உங்கள் விடயம் இலகுவாக முடியும் என்றாள்.

5

மலர் தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில், சண்டை ஓய்ந்து வழி கொஞ்சம் திறந்திருந்த நாட்களில் வந்து சேர்ந்தாள். அந்த வருடக் கடைசியில் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து சண்டிலிப்பாயே வெறித்துப்போனது. ரத்தினண்ணையின் ஸ்ரூடியோவும் அதிலிருந்த சுருள்களும் போய்விட்டன. ஆகவே உலகத்தில் ஆரணிக்கு இருப்பது என்னிடம் இருந்த அந்த ஒரு படம்தான்.

வந்து இரண்டாம் கிழமை, குசினியில் வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சோறு வடித்த கையோடு சொன்னாள். பிறகு அதை நாங்கள் கதைக்கவில்லை. நான் அன்று கேட்டதை இங்கே எழுதுகிறேன்.

நாலு நாள் காய்ச்சல். நாலாம் நாள் வலிப்பு. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், விடியப்புறம் எல்லாம் முடிந்து, ஏழு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மலர் ஒரே ஒரு விடயத்தைத்தான் கேட்டாள். அவர் இன்னும் பிள்ளையின் முகத்தைக் காணவில்லை, ரத்தினண்ணையைக் கூப்பிடுங்கள் என்றாள். வீட்டில் வேண்டாம் என்றார்கள். அவள் பிள்ளையை மடியில் இருந்து இறக்கமாட்டேன் என்று இருந்துகொண்டாள். கடைசியில் அவளின் அண்ணை சைக்கிளில் போய்க் கூட்டிவந்தார்.

செத்தவீட்டுப் படம் எப்படி எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தலைமாட்டில் குத்துவிளக்கு, சுற்றிவர உறவினர். ரத்தினண்ணை அப்படி எடுக்கமாட்டேன் என்றார். எல்லோரையும் அறைக்கு வெளியே போகச் சொன்னார். வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து, மடிப்பு விழாமல் சுவரில் இழுத்து அடித்தார். இன்னொரு வேட்டியை யன்னலுக்கு எதிர்ப்பக்கம் கட்டினார். அலுமாரியின் கண்ணாடிக் கதவைக் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், வெயிலைப் பிடித்து யன்னலுக்குள்ளால் அறைக்குள் விழச் செய்தார். பிறந்தநாளுக்கு என்னென்ன செய்ய நினைத்திருந்தாரோ, அத்தனையையும் அப்படியே செய்தார். சட்டையையும் பிறந்தநாளுக்கென்று எடுத்துவைத்திருந்த மஞ்சள் சட்டையாகவே போடச் சொன்னார்.

வெளியே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது மலரின் அண்ணை. அவர் அழுதார். அழ அழக் கண்ணாடி நடுங்கியது. அறைக்குள்ளே பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் நடுங்கியது. அப்போது மலருக்குப் பிள்ளையின் இமை அசைந்தது போல் இருந்தது. ஓடிப்போய் உள்ளங்காலில் சுண்டினாள். எழும்பாத பிள்ளையை எழுப்ப அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள். மறுபடி வெளிச்சம் ஆடியது, மறுபடி சுண்டினாள். ரத்தினண்ணை வெளியே போய், கண்ணாடியை ஒரு கதிரையோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வெளிச்சம் அசையவில்லை.

படம் எடுப்பதற்குச் சற்று முன் அவள் கறுப்புச் சாந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற அவளின் பெரியம்மா உள்ளே வந்து கையைப் பிடித்தாள்.

"விடு பிள்ளை. இனி ஆரின்ரை கண் படப்போகுது?"

மலர் விட்டுவிட்டாள். முப்பது வருடமாகியும் அவளால் மறக்க முடியாதது அதுதான் என்று நினைக்கிறேன்.

நித்திரை என்று எனக்கு எழுதச் சொன்னது அவளின் அண்ணை. வெளிநாட்டில் தனியே இருந்த ஒருவன், வீட்டுச் செய்தி கேட்டுத் தன்னை முடித்துக்கொண்டான் என்ற கதை அப்போது ஊரில் உலாவியது. என்னை உயிரோடு வைத்திருக்கத்தான் அந்த நாலு வரி. பிறகு என் கடிதங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன, கண் திறந்த படம் அனுப்பு, கண் திறந்த படம் அனுப்பு என்று. அவற்றை வாசித்தபோது என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இன்றுவரை வரவில்லை.

6

அபிராமிக்கு நாலு வயதில் அக்கா என்று ஒருத்தி இருந்தாள் என்பது தெரியும், காய்ச்சலில் போய்விட்டாள் என்பதும் தெரியும். ஒருநாள் படத்தைக் காட்டி, அக்கா ஏன் நித்திரை கொள்ளுறா என்று கேட்டாள். உண்மையைச் சொல்லவே வாயைத் திறந்தேன். வந்தது மலரின் கடிதத்தில் இருந்த வரி. வெளிச்சத்துக்குக் காத்திருந்து நித்திரையாகிவிட்டா, பிள்ளை.

அன்றிலிருந்து அபிராமி அந்தப் படத்தடியில் நின்று சத்தம் போடமாட்டாள். நான் உரத்துக் கதைத்தால் வாயில் விரலை வைத்து, அக்கா எழும்பிடுவா என்று காட்டுவாள். மலர் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள்.

படத்துக்கு நாங்கள் மாலை போட்டதில்லை, சந்தனம் வைத்ததில்லை. ஆண்டுத் திவசத்தையும் கோயிலோடு முடித்துக்கொள்வோம். என் பொய் அந்தச் சுவரில் வசதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை வளர்ந்தாள், படித்தாள், எங்களை விட இந்த நாட்டுக்காரியானாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வருகிற ஆளாக மாறினாள். எங்கள் வீட்டில் அவள் கைவிடாமல் வைத்திருந்த ஒரே பொருள் அந்தப் படம்தான். தோழிகளை அழைத்து வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவாள்.

7

வெள்ளிக்கிழமை நான் படத்தைக் கழற்றித் துவாயில் சுற்றினேன். மலர் வந்து வெறும் ஆணியைப் பார்த்தாள். மறைக்க ஏலாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அவிழ்ந்திருந்த துவாயின் நுனியைச் செருகிவிட்டாள்.

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?"

நான் சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமை காலை ரயிலில் முழுவதும் வசனங்களை அடுக்கினேன். அபிராமி கதவைத் திறந்தபோது அவளின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டதும் எல்லாம் கலைந்துபோனது. பிள்ளை இப்போதுதான் நித்திரை, மெதுவாக வாருங்கள் என்று வாயில் விரலை வைத்தாள். நாலு வயதில் வைத்த அதே விரல், அதே விதம். வீட்டில் எல்லோரும் இரகசியக் குரலில் கதைத்தார்கள். என்னிடம் இருந்த விடயமோ இரகசியக் குரலில் சொல்லக்கூடியது இல்லை. மலர் பத்தியக் கறிச் சட்டியோடு குசினிக்குள் போனாள்.

படக்காரப் பெண் துவாயை அவிழ்த்து, ஆரணியின் படத்தை ஒரு கதிரையில் நிறுத்தி வைத்தாள். அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தாள். வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து வந்திருக்கிறது என்று ரசித்துச் சொன்னாள், எடுத்தவர் கைதேர்ந்தவர் என்றாள். வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினாள். பேத்தியின் தலையை இடப்பக்கம் சாய்த்தாள், கையைக் கன்னத்தின் கீழ் வைத்தாள். அபிராமி திருநீறு பூசிவிட்டாள். படத்தில் சட்டை சாம்பல் நிறம் என்பதால் தேடித்தேடிச் சாம்பல் சட்டை ஒன்று வாங்கியிருந்தாள். படத்தில் பொட்டு இல்லை என்பதால் பொட்டும் வைக்கவில்லை.

விளக்கு எரிந்தது. கன்னத்தில் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல். கதிரையில் ஒருத்தி, துணியில் ஒருத்தி. நான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தச் சொல்லும் வரவில்லை.

மலர் குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், வாசலில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று விளங்கிக்கொண்டாள். நேரே வெளிச்சத்துக்குள் நடந்து போனாள். கைப்பையைத் திறந்து, பேத்திக்கென்று வாங்கி வைத்திருந்த கறுப்புச் சாந்தை எடுத்து, பிள்ளையின் கன்னத்தில் ஒரு சதக் குற்றிக் காசு அளவுக்குப் பொட்டு வைத்தாள். பிறகு துணியை விலக்கி, உள்ளங்காலில் சுண்டினாள்.

பிள்ளை முகத்தைச் சுளித்தது. மலர் மறுபடி சுண்டினாள். பிள்ளை வீரிட்டுக் கத்தியது.

இப்போது எடு என்று மலர் அந்தப் பெண்ணிடம் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது, எடுத்தாள்.

அபிராமி பிள்ளையை வாரித் தூக்கினாள். கோபத்தில் முதலில் இந்த நாட்டு மொழியில் ஏதோ சொன்னாள், பிறகு ஏனம்மா என்று தமிழில் கேட்டாள். மலர் மறுபடி என் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"பிள்ளை, அக்கா அந்தப் படத்திலை நித்திரை இல்லை."

அவள் கதிரையில் இருந்த படத்தைப் பார்த்தாள். கையில் கத்திக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். படக்காரப் பெண் சத்தமில்லாமல் விளக்கை அணைத்தாள். நான் மிச்சத்தைச் சொல்லி முடித்தேன், கண்ணாடி நடுங்கியது வரை, என் மூன்று கடிதங்கள் வரை. பிள்ளை பால் குடித்து அடங்கிய பிறகுதான் அபிராமி கதைத்தாள்.

"நான் சின்னனிலை அவ எப்ப எழும்புவா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அப்பா."

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவளின் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

8

துடக்குக் கழிந்த முப்பத்தொன்றாம் நாள் அபிராமி பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆரணியின் படத்தையும் கொண்டுவந்தாள், சட்டமிட்ட புதுப்படத்தையும் கொண்டுவந்தாள். என் பேத்தி அதில் கண்ணை இறுக்கி மூடி, பல்லில்லாத வாயை அகலத் திறந்து, உலகத்தோடு சண்டைக்கு நிற்கிறாள். கை எங்கோ, கால் எங்கோ. அவள் உறங்குகிறாள் என்று எந்த நாட்டுக்காரனும் சொல்லமாட்டான்.

ஆனால் கன்னம் துப்பரவாக இருந்தது. அந்தப் பெண் நல்லெண்ணத்தில், ஏதோ அழுக்கு என்று நினைத்து, கணினியில் பொட்டை அழித்திருக்கிறாள். அபிராமிக்குச் சரியான கவலை. திருப்பி அனுப்பி மாற்றச் சொல்கிறேன் என்றாள். மலர் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அபிராமியே ஆணி அடித்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். மலர் சாந்துப் போத்தலைத் திறந்து, மோதிரவிரலில் தொட்டு, பேத்தியின் கன்னத்தில் கண்ணாடிக்கு மேலாகப் பொட்டு வைத்தாள். விரலை எடுத்துப் பார்த்தாள். அதில் இன்னும் கொஞ்சம் சாந்து மீதி இருந்தது.

பக்கத்துப் படத்துக்கு நகர்ந்தாள். சட்டம் ஆடாமல் அபிராமி ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மலர் குனிந்து, ஆரணியின் கன்னத்தில் இடம் பார்த்து, மெதுவாக வைத்தாள்.

இந்த முறை அவளின் கையை ஒருவரும் பிடிக்கவில்லை.